காற்றைப் பார்த்து ஜன்னல் கேளுங்கள்!

பேராவூரணிப் பக்கத்து விவசாயி அவர். ஆடி மாதம், சென்னையில் மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்ப வேண்டும். ‘இந்தத் தடவை விமானத்துல போங்கப்பா’ என்று மகள் திருச்சிக்கு இரண்டு டிக்கெட் போட உட்கார்ந்தார். ஜன்னல் இருக்கைக்குத் தனியாகப் பணம். இடது பக்கமா, வலது பக்கமா என்று மகள் கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டார்: “திருச்சியில இப்ப காத்து எங்கேருந்து அடிக்குது?”

மகள் சிரித்தார். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விமானம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கும், ஏறும். வயலில் கொக்கு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மலைக்கோட்டை, காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம் எல்லாம் வடக்கே. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது விமானம் கிழக்கேயிருந்து வந்து மேற்குப் பார்த்து இறங்கும். அப்போது ஆறு வலது கைப்பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். மேற்கேயிருந்து வந்து இறங்கும்; ஆறு இடது பக்கம். திருச்சியிலிருந்து கிளம்பும்போதும் இதே கணக்குதான். காற்று அசையாத நாளில் மட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதே திசை. அன்றைக்கு அவரவர் அதிர்ஷ்டம்.

‘ஏ’ இடது ஜன்னல், ‘எஃப்’ வலது ஜன்னல். இந்தத் தடத்தில் ஓடும் ஏ.டி.ஆர் ரகச் சின்ன விமானத்துக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரையை மறைக்காது. எஞ்சின், சக்கரம் இருக்கும் வரிசைகளை விட்டுப் பின்னால் உட்கார்ந்தால் போதும். பெரிய ஜெட் விமானத்தில் இறக்கை கீழே இருக்கும். நடு வரிசை வேண்டவே வேண்டாம். தெற்கே போகும்போது காலை வெயில் இடது ஜன்னலிலும், மாலை வெயில் வலது ஜன்னலிலும் கண்ணைக் கூசும். அதனால் ஆடியில் காலை விமானம் நல்லது.

வலது பக்கம், பின் வரிசையில் அடுத்தடுத்து இரண்டு இருக்கை கிடைத்தது. ஜன்னல் யாருக்கு என்பதில் சின்னத் தகராறு. அவர் மனைவி ஜெயித்தார்.

அவருடைய நிலம் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. 1934-ல் திறக்கப்பட்டு, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் கால்வாய் அது. ‘புது ஆறு’ என்றால்தான் டெல்டாவில் பலருக்குத் தெரியும். மேட்டூரில் திறந்தாச்சா, கல்லணையில் விட்டாச்சா, நம்ம ஏரிக்கு எப்போ வரும்... ஆடி முழுக்க டீக்கடையில் இதே பேச்சுதான். கல்லணைக்கு அவர் எத்தனையோ முறை போயிருக்கிறார். பாலத்தின் மேல் நின்றால் ஒரு நேரத்தில் ஓர் ஆறுதான் கண்ணில் அடங்கும்.

ஒரு மணி நேரப் பயணத்தில் முக்கால்வாசி மேகம்தான். விமானம் தாழ்ந்ததும் முதலில் கொள்ளிடம் வந்தது. அகலமான வெள்ளை மணல், நடுவே கீற்றாகத் தண்ணீர். அதையும் தாண்டியபோது கல்லணை. விரித்து வைத்த விரல்கள் மாதிரி நான்கு ஆறுகள்.

“ஏங்க, இதுல நம்மளது எது?”

“வடக்கேருந்து எண்ணு. கொள்ளிடம், காவேரி, வெண்ணாறு. தெக்கால கடைசி நம்மளது.”

“அதுலயும் தண்ணி மின்னுதுங்க!”

அவர் மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். விமானம் திரும்பியது. தூரத்தில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே தென்னையும் வாழையுமாக ஸ்ரீரங்கம். 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம் இங்கிருந்து விரலளவுதான். அந்தத் தீவின் மேற்கு முனையான முக்கொம்பு இந்தப் பக்கம் இறங்குகிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துப் போன இடம் அது. அதைப் பார்க்க ஐப்பசியில், இடது ஜன்னலில் வர வேண்டும்.

விமானம் நின்று, செல்போனைப் போடலாம் என்று அறிவிப்பு வந்ததும் அவர் பக்கத்து வயல்காரரை அழைத்தார்.

“கல்லணையில நம்ம ஆத்துல தண்ணி போகுது, கண்ணால பாத்துட்டேன். நம்ம வாய்க்கா மண்ணு இன்னும் எடுக்கலையே... நாளைக்கே ஆளு சொல்லிடு.”