உறையின் பின்பக்கம்

பத்து வயதில் நான் செய்த ஒரு காரியத்தை இந்த மலரில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்போது கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் அஞ்சல்தலை சேர்க்கும் பைத்தியம் திடீரென்று பரவியது. மற்றவர்களிடம் எல்லாம் பளபளக்கும் புதிய தலைகள். என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பாட்டியின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பாட்டியின் அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கடிதங்கள், உறையோடு பத்திரமாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டி மதியம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். பத்தொன்பது உறைகள். பத்தொன்பதின் வலது மூலையையும் வெட்டினேன். வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, தலைகளை உரித்து ஆல்பத்தில் ஒட்டினேன். மறுநாள் வகுப்பில் நான்தான் ராஜா!

பாட்டி என்னைத் திட்டவில்லை. மூலையில்லாத உறைகளை ஒவ்வொன்றாக நீவி, மறுபடி டின்னில் அடுக்கி மூடினார். அன்று திட்டியிருந்தால் அதோடு மறந்திருப்பேன்.

இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அஞ்சல்தலையும் போயிற்று, தமிழும் ஏறக்குறையப் போயிற்று. எல்லாப் பாடங்களும் மலாயில். தமிழ் என்பது வாரத்தில் சில மணி நேரம் என்று சுருங்கியது. பிறகு பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சிங்கப்பூர் வந்து, பாசிர் ரிஸ்ஸில் அத்தை வீட்டில் தங்கினேன். கிழக்கு மேற்கு ரயில் பாதையின் ஒரு நுனி பாசிர் ரிஸ். வளாகத்துக்குப் போய்வரவே தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஏன் இவ்வளவு தூரம் என்று நண்பர்கள் கேட்பார்கள். அத்தையின் மீன் குழம்பு என்பேன். இப்போது இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் எதிர்வீட்டுச் சீன அங்கிள்.

ஓய்வுபெற்ற மனிதர். ஒருநாள் மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது, கையிலிருந்த பிளாஸ்டிக் உறை ஒன்றைக் காட்டி, "உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உள்ளே பழுப்பேறிய ஒரு கடித உறை. விக்டோரியா மகாராணி படம் போட்ட நீரிணைக் குடியேற்றத் தலை. கீழே மங்கிய மசியில் தமிழ் எழுத்துகள். "தெரியும்" என்றேன். எனக்கே வியப்பாகத்தான் இருந்தது.

அவர் சேர்ப்பது வெறும் தலைகளை அல்ல. நீராவிக் கப்பல்களில் கடல் கடந்த முழு உறைகளை. உறையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். "தலையை உரித்துவிட்டால் அது ஒரு படம். உறையோடு இருந்தால் அது ஒரு பயணம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அந்தப் பயணத்தின் கதை 1845-ல் தொடங்குகிறது. அதுவரை லண்டன் கடிதம் பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். 1845 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, பி அண்ட் ஓ கம்பெனியின் 'லேடி மேரி வுட்' என்ற நீராவிக் கப்பல், லண்டனிலிருந்து புறப்பட்டு 41 நாளே ஆன கடிதங்களோடு இங்கே வந்து நின்றது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல். அலெக்சாண்டிரியாவில் இறக்கிய கடித மூட்டைகள் நைல் நதிப் படகிலும் ஒட்டகத்தின் முதுகிலும் எகிப்தைக் கடந்து சூயஸுக்கு வரும். அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் காலித் துறைமுகம், பிறகு பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூருக்கென்று தனி அஞ்சல்தலை இல்லை. 1854 முதல் இந்தியத் தலைகளே இங்கே ஒட்டப்பட்டன. இந்தத் தீவு கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட காலம் அது. அந்தத் தலைகள்மீது சிங்கப்பூர் அஞ்சலகம் குத்திய முத்திரையின் எண் பி 172. பினாங்குக்கு பி 147, மலாக்காவுக்கு பி 109. 1867 ஏப்ரலில் நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியத் தலைகளின்மேலேயே ஒரு கிரீடத்தையும் காசு மதிப்பையும் அச்சடித்து விற்றார்கள். அங்கிளிடம் பி 172 முத்திரையோடு ஒரே ஓர் உறை இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் முன் கையைக் கழுவி, துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுவார்.

ஆனால் அவர் அலமாரியில் அதிகம் இருப்பவை செட்டியார் உறைகள். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார்கள் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் எழுதிய கடிதங்களின் உறைகள். இவை பினாங்கு வழியாகக் கப்பலில் போய், நாகப்பட்டினத்தில் இறங்கி, செட்டிநாட்டை அடைந்தவை. உள்ளே கடிதம் இல்லை. கணக்கும் வட்டியும் எழுதிய தாள்கள் எங்கேயோ போய்விட்டன. உறைகள் மட்டும் உலகம் சுற்றிவிட்டு பாசிர் ரிஸ்ஸுக்குத் திரும்பியிருக்கின்றன. முத்திரைகளைப் பார்த்தே எந்த ஊரில் என்றைக்கு இருந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவார் அங்கிள். தமிழ் எழுத்து மட்டும் அவருக்குக் கோலம் மாதிரி.

நான் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். பெயருக்கு முன்னால் நீளமாக நிற்கும் எழுத்துகள் என்ன என்றார். அதுதான் செட்டியார்களின் விலாசம். முகவரியைத் தமிழில் விலாசம் என்கிறோம். நகரத்தார் தங்கள் தொழில் நிறுவனத்தைக் குறிக்கும் முதலெழுத்துக் கோவையையும் விலாசம் என்றே சொல்வார்கள். அப்பா, தாத்தா பெயரின் எழுத்துகளே ஒரு கடையின் பெயர். இதை நான் சொன்னபோது அவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

மின்தூக்கி வாசலில் காட்டிய அந்த உறைக்கு ஆண்டு தெரியாமல் வெகுகாலமாகத் தவித்துக்கொண்டிருந்தார். முத்திரை மசி அப்பிப்போய் நாள் மட்டுமே தெரிந்தது. ஓரத்தில் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை, கடிதம் வந்த நாளைக் குறித்திருந்தார்: 'விஜய வருஷம் ஆடி மாதம் ௰௨'. தமிழ்ப்பள்ளியில் தமிழ் எண்களைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியையை நினைத்துக்கொண்டேன். ௰௨ என்றால் பன்னிரண்டு. விஜய வருஷம்? அத்தை வீட்டுப் பஞ்சாங்கத்தில் அறுபது ஆண்டுகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876 என்று எப்போதோ படித்த நினைவு. தாதுவிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். பதினேழு. ஆக 1893. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருமே, 1953 ஆக இருக்கக் கூடாதா? கூடாது, தலையில் இருப்பவர் விக்டோரியா. 1893 ஜூலைக் கடைசியில் அந்த உறை செட்டிநாடு போய்ச் சேர்ந்திருக்கிறது. தமிழ் ஆண்டு முன்னும் பின்னும் அலைந்தது, அஞ்சல்தலை அதைப் பிடித்து நிறுத்தியது.

அங்கிள் எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டேதான் பிஸ்கட் டின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன்பக்கத்தைத்தானே வெட்டினாய்? திருப்பிப் பார்த்தாயா?" என்றார். போய்ச் சேரும் ஊரின் அஞ்சலகம் பெரும்பாலும் உறையின் பின்பக்கத்தில்தான் முத்திரை குத்தும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

டின்னில் ஒரு கடிதம் எங்கள் குடும்பத்தில் பேர்போனது. பாட்டியின் அப்பாவுக்கு அவர் தம்பி எழுதியது. தேதி போடவில்லை. போன வெள்ளிக்கிழமை அம்மா காலமாகிவிட்டாள், கடைசிவரை உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று இரண்டே வரி. அதற்குப் பாட்டி சொல்லும் கதை இதுதான்: ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாம் மரண ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊருக்குக் கடிதம் இல்லை. பிள்ளை இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல், அந்த ஏக்கத்திலேயே கிழவி போய்ச் சேர்ந்தாள். சண்டை முடிந்த பிறகு வந்தது இந்தக் கடிதம். பாட்டியின் அப்பா இதைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். பாட்டியாகக் கோத்துக்கொண்ட கதைதான். ஆனாலும் எங்கள் வீட்டில் அதுவே வரலாறு.

தீபாவளிக்கு ஊர் போனபோது டின்னைத் திறந்தேன். அந்த உறையைத் திருப்பினேன். சுங்கைப் பட்டாணி முத்திரை இருந்தது! 17 மார்ச். ஆண்டு மட்டும் என் கத்தரிக்கோல் போன வழியில் இருந்தது. 1, 9, 4 தெரிந்தன. கடைசி எண் இல்லை. உறையின் இடது ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. கிழிந்ததை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அதில் ஆங்கில அச்சு. படம் எடுத்து அங்கிளுக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தார். அது தணிக்கைப் பட்டை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் படித்து, இப்படிப் பட்டை ஒட்டி அனுப்பினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்தார்கள். அதோடு இந்தியக் கடிதங்கள் நின்றன. மறுபடி கடிதம் வந்த 1946 மார்ச்சில் தணிக்கை இல்லை. ஆக, நாற்பதுகளில், மார்ச் மாதத்தில், தணிக்கைப் பட்டையோடு ஒரு கடிதம் சுங்கைப் பட்டாணிக்கு வந்திருந்தால் அது 1940 அல்லது 1941.

மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாமுக்குக் கொண்டுபோனது 1942, 43-ல். அப்படியென்றால் கிழவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். பிள்ளையின் கடிதம் வராத ஏக்கத்தில் சாகவில்லை.

இதைப் பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்பத்தெட்டு வயதில் ஒருவரிடமிருந்து ஒரு கதையைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? முன்பே ஒருமுறை அவர் டின்னில் கத்தரிக்கோல் போட்டவன் நான். ஆனால் சொல்லாமல் சிங்கப்பூர் திரும்பவும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, உறையைக் கையில் கொடுத்து, பட்டையைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா சயாமுக்குப் போறப்பவே ஊருல தாய் இல்லன்னு அப்பாவுக்குத் தெரியும்" என்றார். சற்று நேரம் கழித்து, "யாருக்காகத் திரும்பி வந்தாரு? எங்களுக்காகத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சயாமுக்கு அவரைக் கொண்டுபோனபோது பாட்டிக்கு ஐந்து வயது.

சிங்கப்பூரில் கோல்மன் ஸ்திரீட்டில் 1995 முதல் ஓர் அஞ்சல்தலை அரும்பொருளகம் இருந்தது. 2019-ல் மூடிப் புதுப்பித்து, 2022-ல் சிறுவர் அரும்பொருளகமாகத் திறந்தார்கள். அஞ்சல்தலை பார்க்க இனி எங்கே போவது என்று அங்கிள் அங்கலாய்ப்பார். நண்பர்களே, அதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டின் இருக்கலாம். தமிழ் படிக்கத் தெரிந்த நீங்கள் அதைத் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது? கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்.

ஊரிலிருந்து கிளம்பும்போது பாட்டி டின்னை என் பையில் வைத்தார். "மிச்சம் பதினெட்டு இருக்கு தம்பி. அந்தச் சீனர்கிட்ட காட்டு" என்றார். என் பழைய ஆல்பத்தையும் எடுத்து வந்திருக்கிறேன். பத்தொன்பது தலைகளும் அதில்தான் இருக்கின்றன. எது எந்த உறையினுடையது என்று சனிக்கிழமைதோறும் நானும் அங்கிளும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு சேர்ந்திருக்கிறது.