பங்குனி ஆமையைத் தேடி

தண்டலத்தில் குடியிருப்பவர்களுக்குச் சமுத்திரம் என்பது லாரிகள் போய்ச் சேருகிற இடம், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் செய்த மோட்டார் வண்டிகள், நீண்ட லாரிகளின் முதுகிலேறித் துறைமுகத்துக்குப் போவதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். வண்டிகள் கப்பலேறுவதைக் கண்டு கண்டு நம் பிள்ளைகளுக்கும் கடல் கடக்கும் ஆசை பிறந்திருந்தால் அதில் வியப்பென்ன?

நம்மிடம் படித்து, இப்போது கல்லூரியில் விலங்கியல் பயிலும் பெண்ணொருத்தி சென்ற மாசி மாதம் தாயாருடன் வந்தாள். மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகா தேசத்தில் டோர்டுகேரோ என்று ஒரு கடற்கரை. ஆர்ச்சி கார் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் 1950-களில் அங்கே தொடங்கிய ஆமை ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது; பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் சென்று உதவுகிறார்கள். அங்கே தன்னந்தனியாகப் போய்த் தொண்டு செய்யவேண்டும் என்பது பெண்ணின் உத்தேசம். நாம் ஒரு நற்சான்றுக் கடிதம் தரவேண்டுமாம்.

பேனாவை எடுத்தோம். தாயார் குறுக்கிட்டாள். "ஏன் சார், நம்ம கடல்ல ஆமையே இல்லையா?"

பேனாவைக் கீழே வைத்தோம். ஆமையைப் பற்றி இருபது வருஷம் பாடம் நடத்தியவர் நாம். கடலாமை ஒன்றையாவது நேரில் கண்டதுண்டா என்றால், இல்லை. இந்த அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளவே அந்தச் சனிக்கிழமை மூவருமாகப் புறப்பட்டோம். பெண்ணின் தகப்பனாருக்கு ராத்திரி ஷிப்டு, அவர் வரவில்லை.

நீலாங்கரைக் கடற்கரையில் நடுநிசிக்குச் சற்று முன் முப்பது பேர் கூடியிருந்தார்கள். 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய இந்த இரவு நடையை, 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று விடாமல் நடத்தி வருகிறது. பெசன்ட் நகர் வரையில் சுமார் ஏழு கிலோமீட்டர். கையில் விளக்குக் கூடாது, இரைச்சல் கூடாது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, வானம் எந்தப் பக்கம் வெளுப்பாயிருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இருண்ட கரையில் அது கடலின் பக்கம்; இப்போதோ தெரு விளக்கின் பக்கம். விடிய விடியப் பகல்போல் எரியும் நம் தண்டலத்து விளக்குகளை நினைத்துக்கொண்டோம். நல்லவேளை, நம் ஊர் கடலோரத்தில் இல்லை!

முதலில் கண்ட ஆமை செத்துக் கிடந்தது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவை வலையில் அகப்பட்டால் மேலே வர வழியின்றித் தண்ணீரிலேயே மூச்சடைத்து இறந்துபோகும். 2025 ஜனவரியில் மட்டும் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின. ஒருவரும் பேசவில்லை. அந்தத் தாயார் மாத்திரம் குனிந்து அதன் ஓட்டிலிருந்த மணலைக் கையால் தள்ளிவிட்டாள்.

இரண்டு மணிக்குமேல், "யாரோ டிராக்டர் ஓட்டியிருக்காங்க பாருங்க" என்றாள் அவளே. அது டிராக்டர் தடமல்ல, ஆமைத் தடம். முட்டையிட்டு மூடிவிட்டுத் தாய் ஆமை கடலுக்குத் திரும்பிவிட்டது. தொண்டர் ஒருவர் கோலால் மணலைக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தில் தோள் வரையில் கையைவிட்டுத் தோண்டினார். கழுத்துச் சிறுத்து வயிறு பெருத்த குடம்போல் குழி. மேஜைப்பந்து போன்ற முட்டைகள், எண்ணிப் பார்த்ததில் 114. குழியின் ஆழத்தையும் அளந்து கொண்டார்கள். நாய்க்கும் திருடருக்கும் எட்டாத பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே குடம்போல் குழி பறித்து முட்டைகளை வைக்கவேண்டும். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வரும். துணிப்பை நம் பெண்ணின் கைக்கு வந்தது. குலுக்காமல் நடக்கவேண்டும் என்றார்கள். அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடந்தாள்.

வழியில் தொண்டர் சதீஷ் பாஸ்கரைப் பற்றிச் சொன்னார். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்து, படிப்பை விட்டு ஆமைகளின் பின்னே போனவர் அவர். இந்தியக் கடற்கரைகளைப் பெரும்பாலும் காலால் நடந்தே ஆராய்ந்தார். 1982-இல் லட்சத்தீவுகளைச் சேர்ந்த சுஹேலி என்னும் ஆளில்லாத் தீவில், படகு நெருங்க முடியாத மழைக்காலம் முழுவதும் தனியே தங்கினார். பேராமை முட்டையிடுவது அப்போதுதான். 1984-இல் இந்தோனேசியாவின் நியூகினிப் பகுதிக்குச் சென்று, உலகின் மிகப் பெரிய ஆமையான தோணியாமைகள் நூற்றுக்கணக்கானவற்றுக்கு அடையாள வில்லை பொருத்தினார். 2023-இல் காலமானார்.

"தனியா தீவுல இருந்தாரே, பொண்டாட்டி என்ன பண்ணியிருப்பா?" என்றாள் தாயார்.

ஆமைக் கணக்குக் கேட்கவே தெரிந்த நமக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்களாம். அவர் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அவற்றுள் ஒன்று மிதந்து மிதந்து இலங்கைக்குப் போயிற்று. அங்கே ஒரு மீனவர் அதை எடுத்து, தம் கடிதம் ஒன்றையும் சேர்த்துத் தபாலில் அனுப்பிவைத்தார். தாயார் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

விடியற்காலைப் பஸ்ஸில் பூவிருந்தவல்லி தாண்டியதும் பையிலிருந்து நற்சான்றுத் தாளை எடுத்தோம். முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தோம்.

"பங்குனி கழியட்டும் சார்," என்றாள் பெண். "நேத்து வச்ச முட்டை பொரிக்கிறதைப் பாத்துட்டு வாங்கிக்கறேன்."

"நானும் வர்றேன்," என்றாள் தாயார். "அடுத்த தடவை புளியோதரை கட்டிக்கிட்டு வரணும். அந்தப் புள்ளைங்க ராப்பூரா பட்டினி."