மலையும் மாடமும்

அடி அண்ணாமலையில் வசிக்கும் நமக்கு உயரமென்றால் அருணாசலந்தான். கடல்மட்டத்துக்கு மேல் 2,668 அடி! பாலைநிலத் துபாயிலோ, 2010-ல் திறக்கப்பெற்ற புர்ஜ் கலீபா 2,717 அடி ஓங்கி நிற்கிறது. அதனடியிலுள்ள பேரங்காடியில் விலை கேட்டதோடு திருப்தியடைந்தோம். பின்னர் ஒரு திர்ஹாம் கொடுத்துப் படகேறி உப்பங்கழியைக் கடந்து, தேரா தங்கக் கடைவீதியில் கண்ணுக்கு விருந்து பெற்றோம். 1966 வரை இந்நகரில் ரூபாய்தான் செலாவணி!

வயிற்றுக்கு விருந்து கராமாவில்: இட்லி, சாம்பார், காப்பி. பக்கத்து மேஜையில் தமிழ்க் கட்டடத் தொழிலாளர் ஒருவர். "ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது, ஸார்" என்றார்.

அண்ணாமலை தானே எழுந்தது. இம்மாடங்களோ நம் நாட்டவர் கைகளும் சேர்ந்து எழுப்பியவை. துபாய் செல்லும் அன்பர்கள் அண்ணாந்து பார்த்த பிறகு, அக்கைகளையும் சற்றுக் குனிந்து பார்ப்பார்களாக!