எதிரியின் புனிதச் சின்னம் நம் பைக்குள் வந்தால்?



உயர்தரப் பிள்ளைகள் சிலர் லீவு நாட்களில் கூடி விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றிப் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "சேர், அதில சாமியெல்லாம் வருதாமே, சூனியமாமே?" என்று. ஆங்கிலம் படிப்பிக்கும் நாங்கள் மூன்று பேரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். பார்த்ததை எழுதுகிறோம்.

பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. போன் தேவையில்லை. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதில் போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்று பாத்திரம் எடுப்பார்கள். நினைத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகக் கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். காசு வைத்து ஆடுவதில்லை. ஆனாலும் கட்டை உருட்டுவதன் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடமே கேளுங்கள். நாங்கள் சொல்ல வந்தது வேறொன்று.

கதையில் எதிரியை வென்றால் அவனிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பிள்ளைகள் ஒரு நிலவறையில், லோல்த் என்ற சிலந்தித் தெய்வத்தின் குருமாரை வென்றார்கள். பையில் சேர்ந்த சாமான்களில் சிலந்தி பொறித்த புனிதச் சின்னம் ஒன்றும் இருந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிநூலில் புனிதச் சின்னத்தின் விலை 5 பொற்காசு. எதிரியிடம் எடுத்த சாதாரணச் சாமானை விற்றால் பாதி விலை. ஆக, இரண்டரைக் காசு.

அந்த இரண்டரைக் காசுக்காக முக்கால் மணித்தியாலம் வாக்குவாதம். விற்போம் என்றான் ஒருவன். அதை வாங்கப்போவது அதே தெய்வத்தின் ஆள்தானே, விதிப்படி குருமார் அந்தச் சின்னத்தை வைத்துத்தானே மந்திரம் செய்கிறார்கள், எதிரிக்கே ஆயுதம் விற்கிறாயா என்று மற்றவன் மடக்கினான். உருக்குவோம் என்றான் ஒருவன். அடுத்த வாசலில் வேஷம் போட்டு நுழைய உதவும், வைத்துக்கொள்வோம் என்றான் இன்னொருவன். அதுவரை பேசாமல் இருந்த பிள்ளை கேட்டது: "கட்டிப் போட்டிருக்கிற அந்தச் சின்னக் குருக்கிட்ட கேட்டீங்களா? அது அவன்ட உம்மா குடுத்ததா இருந்தா?"

யாரும் அந்தப் பக்கமே யோசித்திருக்கவில்லை. நாங்களும்தான்.

விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. எந்தத் தெய்வம் கெட்டது என்று புத்தகமே எழுதி வைத்திருக்கும். லோல்த் கெட்டது, அதன் சின்னத்தை உருக்கினால் யாருக்கும் மனம் நோகாது. வெளியே வந்தால் அப்படி ஒரு புத்தகம் இல்லை. இதே விளையாட்டுக்கு 1980இல் வந்த தெய்வங்கள் பற்றிய நூலில், இந்துக்கள் இன்றும் கும்பிடும் இந்திரன், விஷ்ணு, காளி எல்லோருக்கும் உயிர்ப்புள்ளி போட்டிருந்தார்கள். அதாவது, எத்தனை அடி தாங்குவார்கள் என்ற கணக்கு. நம் வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளையின் அம்மா கைகூப்பும் தெய்வத்துக்கு.

நம் நாட்டு வரலாற்றிலும் இந்தக் கேள்வி வந்தது. 1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தாக்கி, புத்தரின் தந்தம் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் பெகு மன்னர் பெரும் பணம் தர முன்வந்தார். காசில்லாத அரசு விற்கப் பார்த்தது, திருச்சபை அழிக்கச் சொன்னது. கடைசியில் பேராயர் அதை இடித்துப் பொடியாக்கி, எரித்து, ஆற்றில் போட்டார் என்று போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையான தந்ததாது அவர்கள் கையில் சிக்கவேயில்லை என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. கண்டியில் பெரஹரா இன்றும் போகிறது. பொடியாக்கியதால் யாருடைய நம்பிக்கையும் பொடியாகவில்லை.

இதன் வலி நமக்குத் தெரியாததல்ல. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டபோது அழுதோம். அதே வருடம் டிசம்பரில் மாவனல்லைப் பக்கம் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டபோது தலைகுனிந்தோம். பிறர் அழைப்பவற்றை ஏசக்கூடாது என்பதை சூரா அன்ஆமின் 108ஆவது வசனத்தில் நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். ஓதியதை நடந்துபார்க்க ஒரு இடம் வேண்டாமா?

அதனால் எங்கள் மேசையில் இப்போது மூன்று விதிகள். உயிரோடு இருக்கும் எந்த மதத்தின் தெய்வமும் சின்னமும் கதைக்குள் வரக்கூடாது. கற்பனைச் சின்னமானாலும், விலை கேட்கும் முன் அது யாருடையது என்று கேட்க வேண்டும். உரியவர் உயிரோடு இருந்தால், திருப்பிக் கொடுப்பதையும் ஒரு வழியாகப் பேச வேண்டும். சில நாள் கொடுக்கிறார்கள், சில நாள் உருக்குகிறார்கள். முடிவு பிள்ளைகளுடையது.

பெற்றோர்களே, பிள்ளை விளையாடிவிட்டு வந்தால் வென்றாயா என்று மட்டும் கேட்காதீர்கள். வென்ற பிறகு பையில் என்ன இருந்தது, அதை என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள், நாங்களும் படிக்கிறோம்.

வஸ்ஸலாம்.