உடைய வேண்டிய இடம்

ரிமோட் விமானம் ஓட்டப் புதிதாக வருகிறவருக்கு நான் செய்து கொடுக்கும் இறக்கை உடையும். எங்கே உடைய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வெட்டவே தொடங்குவேன். சென்னை அருகே ஒரகடத்தில் டூல் ரூமில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொன்னால் பக்கத்து லைன்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதே ஒரகடத்தில் இருக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் காரைக் கொண்டுபோய் மோதவிட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. முன்பக்கம் நசுங்குகிறதா, நசுங்க வேண்டிய அளவுக்கு நசுங்குகிறதா என்பது அங்கே முக்கியமான கேள்வி. வண்டி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பத்திரம் என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மெர்சிடீஸில் இருந்த பேலா பாரென்யி 1950-களின் தொடக்கத்தில் அதைத் தலைகீழாக்கிக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் நசுங்கும் முகப்போடு கார் தெருவுக்கு வந்தது. பயிற்சி விமானத்தின் இறக்கைக்கும் அந்தக் கணக்குதான்.

ஒரு சலுகை நமக்கு உண்டு. காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. தரையோ, நுனி இடிபடும்போது, அதைப் பின்நோக்கித் தள்ளுகிறது. திசை வேறு. அதனால் மேல்நோக்கிய வளைவுக்கு இறக்கை விறைப்பாக நிற்கலாம், பின்நோக்கிய அடிக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆகாயத்தில் மடங்கும் இறக்கையைச் செய்தவன் தச்சனே இல்லை. தரையில் விட்டுக்கொடுக்காத இறக்கையைச் செய்தவனுக்கு இந்தத் தொழில் இன்னும் பிடிபடவில்லை.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். நுனிக்கு நுனி 1100 மில்லிமீட்டர், அகலம் 190, பேட்டரியோடு மொத்த எடை சுமார் 600 கிராம். இப்படி ஒரு விமானம் மணிக்கு 24 கிலோமீட்டர் வாக்கில் ஸ்டால் ஆகும், அதாவது அதற்குக் கீழே போனால் காற்று தாங்காது. நேர்கோட்டில் பறக்கையில் இறக்கை சுமப்பது அதே 600 கிராம்தான். ஆனால் ஓட்டுகிற பையன் பயந்துபோய் ரிமோட்டின் குச்சியைச் சட்டென்று இழுத்து, விழும் விமானத்தைத் தூக்கினால் நான்கு மடங்கு சுமை சாதாரணமாக வரும். அந்த இரண்டரைக் கிலோவைத் தாங்கத்தான் உள்ளே நீளவாக்கில் ஸ்பார் ஓடுகிறது. வளைவு அதிகம் விழுவது நடுவில், உடம்பை ஒட்டிய இடத்தில். நுனியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நுனிவரை ஒரே தடிமனில் ஸ்பார் ஓட்டுவது எடையை வீணாக்கும் வேலை. நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் விமானம் சாய்வதையும் மீள்வதையும் மந்தமாக்கும்.

பயிற்சி விமானத்தில் இறக்கையை உடம்போடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது பழைய வழக்கம். அதைவிட நல்ல ஏற்பாடு இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. நுனி தரையில் பட்டால் இறக்கை திரும்பும், பேண்ட் நழுவும், அடி அங்கேயே தீர்ந்துவிடும். கடைசி இரண்டு பேண்டைக் குறுக்காகப் போட வேண்டும். மற்றவை அதனால் கழலாது. சென்னை வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும் என்பதால் பழைய பேண்டை இழுத்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. போல்ட்தான் அழகு என்பவர்கள் நைலான் போல்ட் போடட்டும், அதுவாவது ஒடியும். ஸ்டீல் போல்ட் போட்ட விமானத்தைச் சரிபார்க்க வாங்கினால், இறக்கை சேதமில்லாமல் இருக்கும். உடம்புதான் இரண்டாகப் பிளந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் இறக்கைக்கான பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் காயலான் கடைகளில் நின்று பார்த்தால் தெரியும்: வாகன உதிரிபாகங்களும் மின்னணுச் சாமான்களும் வந்திறங்கிய பேக்கிங் நுரை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும் சரக்கு வேறு வேறு. தெர்மாகோல் நகத்தால் கீறினால் மணி மணியாக உதிரும், வளைத்தால் சடக்கென்று ஒடியும். இ.பி.பி. என்கிற பாலிபுரொப்பிலீன் நுரையை மடக்கினாலும் திரும்பி வரும். பம்பருக்குள்ளே வைப்பதும் அந்த வகைதான். டிவி பெட்டிக்குள் வரும் இ.பி.இ. தொளதொளவென்று இருக்கும், இறக்கைக்கு உதவாது. சந்தேகம் வந்தால் மூலையில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் போதும். தெர்மாகோல் என்றால் அந்த இடம் உருகிப் பள்ளமாகும், இ.பி.பி. அசையாது. கரைப்பான் கலந்த ரப்பர் பசைகளும் தெர்மாகோலை அப்படித்தான் தின்னும்.

விளம்பரப் பலகைக்கடையில் பளபளவென்று கிடைக்கும் பி.வி.சி. நுரைப் பலகையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஐந்து மில்லிமீட்டரில் மேலே சொன்ன அளவுக்கு ஒரு தட்டை இறக்கை வெட்டினாலே அரைக் கிலோ வந்துவிடும். அதே இறக்கையைக் கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோலில் முழு வடிவத்தோடு அறுத்தால் 65 கிராம்தான். 30 கிலோ அடர்த்தியுள்ள இ.பி.பி.யில் 100 கிராமை நெருங்கும். தெர்மாகோல் விறைப்பு, இ.பி.பி. பொறுமை. முதல் மாதம் ஓட்டுபவருக்கு இ.பி.பி.யைத்தான் கொடுப்பேன்.

அறுப்பதற்கு நிக்ரோம் கம்பி, ஒரு வில், ஒரு 12 வோல்ட் மின்வழங்கி. கம்பி ஹீட்டர் ரிப்பேர் கடையில் கிடைக்கும்; மற்ற மின்சாமான்களுக்கு எப்படியும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகத்தான் வேண்டும். இரு முனையிலும் மைக்கா ஷீட்டில் வெட்டிய அச்சை ஊசி குத்தி நிறுத்தி, அதன்மேல் கம்பியை ஓட்ட வேண்டும். கை அவசரப்பட்டால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி வளையும். முனைகளில் அச்சு சரியாக இருக்க, நடுவில் இறக்கை மெலிந்தோ தடித்தோ போகும். கம்பி தானாக இறங்குகிற வேகத்துக்குக் கை ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவே. புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அச்சு வடிவம் கிளார்க் ஒய். அமெரிக்கரான வர்ஜீனியஸ் கிளார்க் 1922-ல் வரைந்தது; லிண்ட்பெர்க் 1927-ல் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் இறக்கைக்கும் இதே வடிவம்தான். எனக்குப் பிடித்த காரணம் அதைவிடச் சாதாரணமானது: அடிப்புறத்தில் பெரும்பகுதி தட்டை. மேசைமேல் வைத்தால் அப்படியே படியும், திருகல் இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

ஸ்பாருக்குக் கார்பன் குழாய் போடலாம், நல்லதுதான். நான் பெரும்பாலும் மூங்கில் போடுகிறேன். சாண்டோஸ் டூமோன் தன் டெமாய்செல் விமானத்தின் உடலையே மூங்கிலில் கட்டிப் பறந்தவர். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளிப்பட்டையில், உள்ளே போகப்போக நார் குறையும். பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் இழுபடுகிறது, மேல்புறம் அழுந்துகிறது. ஆகவே பட்டை முகம் கீழே வர வேண்டும். காத்தாடி கட்டிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பிளக்கும்போதே பட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வார்கள். கம்பை நுனிக்கு முன்பே முடித்துவிடுவேன், ஆனால் வெட்டுவாயாக அல்ல, சீவிச் சீவி மெலியவிட்டு. ஸ்பார் சட்டென்று முடிகிற இடத்தில்தான் இறக்கை ஒடியும். மேல் கம்பும் கீழ்க் கம்பும் ஒரே கோட்டில் முடிந்தால் இன்னும் மோசம், அங்கே கத்தியால் கோடு போட்டு வைத்ததற்குச் சமம்.

இறக்கையில் சர்வோ மோட்டார் வைப்பதில்லை. நுனிகளை உயர்த்தி டைஹெட்ரல் கொடுத்துவிட்டால் வால்பக்கச் சுக்கான் ஒன்றே திருப்பிவிடும், கையை விட்டால் விமானம் தானே நேராகும். பக்கத்துக்கு ஐந்து பாகை என்றால் ஒவ்வொரு நுனியும் மேசையிலிருந்து 48 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். அந்த உயரத்துக்குக் கட்டைகள் இரண்டு வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஜிக் இல்லாமல் எதையும் ஒட்ட விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் வீட்டு மாடிக்கும் வந்துவிட்டது.

பழுது பார்ப்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விழுந்த இறக்கையைக் கையில் எடுத்ததும் உடைந்த முகங்களைத் தேய்த்துச் சமன்படுத்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. கூடாது. அந்த முரடு ஒன்றோடொன்று கவ்வுவதால்தான் இறக்கை பழைய நேருக்கு வரும். மண்ணை மட்டும் தட்டிவிட்டுப் பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். நசுங்கிய முன்விளிம்பு இ.பி.பி. வகையாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் நன்கு சூடான நீரை மெல்ல ஊற்றினால் மணிகள் உப்பி வரும். புதுசாக வராவிட்டாலும் காற்றுக்குப் போதுமான அளவு வரும்.

பசை விஷயத்தில்தான் சண்டை. அப்ரெண்டிஸ் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, இன்னும் கொஞ்சம் ஹாட் க்ளூ வைங்கண்ணா, இனிமே அங்க உடையவே கூடாது" என்பான். "அங்க உடையாதுடா. அதுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி உடையும்" என்பேன். சுற்றியிருக்கும் நுரையைவிட ஒட்டு விறைப்பாகிவிட்டால் அடுத்த அடி ஒட்டின் ஓரத்தில்தான் இறங்கும். அங்கே மறுபடி பசை, அதற்கு அப்பால் மறுபடி உடைப்பு. இப்படி ஒட்டி ஒட்டி 600 கிராம் விமானம் 750 கிராமாகும். எடை கால்பங்கு கூடினால் ஸ்டால் வேகத்தின் இருபடியும் கால்பங்கு கூடும். இரண்டையும் பெருக்கினால் தரையில் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். பழுது பார்த்ததே அடுத்த பழுதுக்குக் காரணமாகிறது.

ஆகவே மெல்லிய பூச்சு போதும். ஹாட் க்ளூவைத் துப்பாக்கியிலிருந்து வந்த சூட்டோடு தெர்மாகோலில் வைத்தால் குழி விழும். ஒரு மூச்சு ஆறவிட்டு வைக்கலாம். சாதா ஃபெவிகால் நுரைக்குள் ஈரமாகவே கிடக்கும், காற்று புக வழியில்லை. ஸ்பார் ஒடிந்திருந்தால் இரு முனையையும் நீளச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, அங்கே மட்டும் அரால்டைட். மரத்தில் விமானம் கட்டிய காலத்து நெறியில், தடிமனைப்போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு வேண்டும், பத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மில்லிமீட்டர் கம்புக்கு அது முப்பத்தாறு மில்லிமீட்டர்; கண்ணுக்கு மிகையாகத் தெரியும், ஆனால் வேண்டும். மேலே நாடா ஒட்டும்போது இழுத்து ஒட்டாதீர்கள். நாடா சுருங்க நினைக்கும், நுரை அதன் பின்னால் போகும், மறுநாள் காலையில் இறக்கை திருகியிருக்கும்.

உடைப்பைவிடத் திருகலுக்குத்தான் நான் பயப்படுவேன். இறக்கையை எட்ட நிறுத்திப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நுனியில் பின்விளிம்பு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் நல்லது, அதுதான் வாஷ்அவுட். இந்த அகலத்துக்கு ஆறேழு மில்லிமீட்டர் போதும். வேகம் குறையும்போது நடுப்பகுதி முதலில் கைவிடும், நுனிகள் கடைசிவரை பிடித்திருக்கும். ஒரு நுனி மட்டும் எதிர்ப்பக்கம் திருகியிருந்தால் அந்த நுனி முதலில் ஸ்டால் ஆகி, விமானம் அந்தப் பக்கமே கவிழும். இறங்குவதற்குச் சற்று முன், வேகம் குறைத்த நேரத்தில்தான் இது நடக்கும். ஓட்டியவன் தன் கைமேல் பழி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

ஹாட் க்ளூ போட்ட இறக்கையை மே மாதத்தில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போகக் கூடாது. ஒட்டு இளகி டைஹெட்ரல் தொய்ந்துவிடும். காகிதம் ஒட்டிய நுரை அட்டை ஐப்பசி மழை ஈரத்தில் உரியும். பறக்கவிட நாங்கள் போவது கோடையில் வற்றிய ஏரிப் படுகைகளுக்கு, அதுவும் அதிகாலையில். வெயில் ஏறினால் தொழிற்சாலைத் தகரக் கூரைகளின் மேலிருந்து வெப்பக் காற்று குமுறும், பிற்பகலில் கடல்காற்று வந்து சேரும், இரண்டும் புதியவருக்கு ஆகாது. கரையோரம் சீமைக்கருவேலம் இருந்தால் விமானம் எப்படியோ அதைத்தான் தேடிப் போகும். மின்கோபுரங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டு, 400 அடிக்குக் கீழே, கண்பார்வைக்குள்ளேயே ஓட்ட வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாதிரி விமானங்களுக்குத் தாராளம் காட்டியிருக்கின்றன, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வல்லம் வடகாலில் விமானத்துறைக்கென்று சிப்காட் பூங்கா வந்திருக்கிறது. அங்கே வேலைக்குப் போக நினைக்கிற டிப்ளமா பையன்கள்தான் இப்போது என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

அவர்களுக்கு முதல் வேலையாகச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கச் சொல்வேன். புது இறக்கையின் எடையை நடுவில், அடிப்புறத்தில் மார்க்கரால் எழுத வேண்டும். ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும் மறுபடி நிறுத்து அதற்குக் கீழே எழுத வேண்டும். கடைசி எண் முதல் எண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டால் அந்த இறக்கை இனிப் பறக்காது. அதைத் தூக்கி எறிவதும் இல்லை. முன்விளிம்பில் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்த இன்னொரு இறக்கைக்கு ஒட்டுப் போட, அதே அடர்த்தியில், அதே வளைவில் நுரை வேறு எங்கே கிடைக்கும்? ஸ்பாரை உருவிக்கொண்டு, பசை படாத இடங்களாகப் பார்த்து அறுத்து, எந்த இறக்கையிலிருந்து வந்தது என்று எழுதிப் பெட்டியில் போட்டு வைக்கிறோம்.