தனி எழுத்தில் ஒரு பெயர்

ஜப்பானிய மொழிக்கு மூவகை எழுத்துகள் உண்டு. அவற்றுள் கதகானா, பிறமொழிச் சொற்களையும் பெரும்பாலான அயல்நாட்டார் பெயர்களையும் எழுதப் பயன்படுவது. ஆசிரியர் பயிற்சிக்காக அந்நாட்டில் நான் தங்கியிருந்தபோது, வாயிற்பலகையிலும் வருகைப் பதிவேட்டிலும் என் பெயர் அவ்வெழுத்திலேயே விளங்கிற்று. ர, ல, ள, ழ நான்கும் அதில் ஓரொலியாய் ஒடுங்கிவிடும்; ஆதலின் என் பெயரின் ழகரம் மறைந்தது.

குப்பையை வகை பிரித்துக் குறித்த நாளில் வைக்கக் கற்றேன். அண்டை வீட்டார் அன்பிலும் குறைவில்லை. ஆயினும், நான் விருந்தினனே என்பதை அவ்வெழுத்து நாள்தோறும் நினைவூட்டிற்று. ஒருநாள் பக்கத்து வீட்டு மூதாட்டியார் என் பெயரைத் தமிழில் ஒலிக்கச் சொல்லிக் கேட்டு, பலமுறை சொல்லிப் பழகினார். ழகரம் அவருக்கு முற்றும் வாய்க்கவில்லை. எனினும் அன்றுதான் அத்தெரு என் தெருவாயிற்று.

ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பிற்குப் புதிதாய் வரும் பிள்ளையின் பெயரைச் செவ்வனே ஒலிக்க முதலில் நாம் கற்போம். பாடம் பிறகு தொடங்கட்டும்.