நாலு பட்டை, எட்டுப் பட்டை, உருண்டை... விழுப்புரம் பக்கம் ஒரு மரவேலைப் பயணம்!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும். ஆனால், வீட்டில் பழைய மரத்தொட்டிலோ மாடிப்படிக் கிராதியோ இருப்பவர்கள், இந்த மாவட்டத்தில் ஓரிடத்தை அவசியம் பார்க்க வேண்டும். அது மரப்பட்டறை அல்ல. செஞ்சிச் சாலைப் பக்கம் இருக்கும் மண்டகப்பட்டு.

7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குடைவரை அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே பெருமைப்படுகிறது. மரமே வேண்டாம் என்றவர் கோயிலில் தச்சு வேலைக்கு என்ன சம்பந்தம்? தூணைப் பாருங்கள். மேலும் கீழும் சதுரம். நடுவில் நான்கு முனைகளையும் சீவி எட்டுப் பட்டை. சதுரக் கட்டையை உருண்டையாக்கத் தச்சர் போடும் முதல் கணக்கும் இதுதான்.

கட்டையின் அகலத்தை 24 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். இரு ஓரத்திலும் 7 பங்கு விட்டு, நடுவில் 10 பங்கு இருக்கும்படி கோடு போட்டு, முனையைக் கோடு வரை சீவினால் எட்டுப் பட்டை. இன்னொரு முறை சீவினால் பதினாறு. அதன் பிறகு உப்புத்தாளே உருட்டிவிடும்.

புதிதாகச் செய்வதென்றால் கடைசல் பட்டறையில் கொடுத்துவிடலாம். சிக்கல், ஏற்கெனவே பொருத்திய கம்பிகளில்தான். கூர்முனையில் வார்னிஷ் நிற்காது. முதலில் அங்கேதான் உரியும். சிலாம்பு கிளம்பி, தொட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கும் குழந்தையின் உள்ளங்கையில் ஏறும்.

சரி, எந்தக் கருவி? நேரான கம்பிக்குச் சின்ன இழைப்புளி போதும். வளைவு, நெளிவு என்றால் அது உட்காராது. இரு பக்கமும் கைப்பிடி வைத்து, நடுவில் சிறிய அலகு உள்ள இழைப்புளிதான் அதற்குத் தோது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைச் சீவ ஐரோப்பியத் தச்சர்கள் பயன்படுத்திய கருவி அது. கம்பி சட்டத்தில் நுழையும் மூலையில் இரண்டுமே போகாது. அங்கே அரைவட்ட அரம், கடைசியாக உடைந்த கண்ணாடிச் சில்லால் ஒரு சுரண்டல். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்!)

கருவியைவிட முக்கியம், சீவும் திசை. பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குத்தான் சீவ வேண்டும். குழிவான இடத்தில் இரு பக்கமிருந்தும் பள்ளத்தை நோக்கி. மாற்றிச் சீவினால் நார் பிய்ந்து, தேக்காக இருந்தாலும் பல் இளிக்கும். மின்சார ரவுட்டர் வேகமானதுதான். ஆனால் மெல்லிய உருண்டைக் கம்பியில் அதன் அடித்தட்டு படிய இடமில்லை. ஒரு துள்ளல், மொத்தக் கம்பியும் காலி.

கைவேலைக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உளிகளுக்கு முன் தொட்டில் கம்பியெல்லாம் எம்மாத்திரம்!

மரத்தின் மறுமுனையையும் பார்க்க ஆசையா? திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரை போகலாம். அங்கே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நார் ஓட்டம் அப்படியே தெரிகிறது. இழைப்புளிக்குத்தான் அங்கே வேலையில்லை.